முள் நடுவுக்கு வரும்வரை

காலை ஐந்தே முக்காலுக்கு
எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தான் யார்க்கோ.
அடியில் அப்பியிருந்தது
வெளிர் மஞ்சளாய், நுரை நுரையாய்,
யாரோ பாதி குடித்து வைத்துப் போன
காப்பியின் ஏடு போல.
ஒற்றை விரலால் வழித்து என்னிடம் நீட்டினான்.
"போச்சு."

அந்த ஒரு சொல்லுக்குள்
கேஸ்கட் இருந்தது,
ஆயிரத்து எண்ணூறு யூரோ இருந்தது,
தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பல் வைத்தியம் இருந்தது.

நான் அப்போதுதான் இரவு வேலை முடித்து
வண்டியை விட்டு இறங்கியிருந்தேன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சோடா வாடை
இன்னும் கையுறைக்குள்.
அவனுக்கு ஆறு மணிக்கு எஃகு ஆலை.
வண்டி ஒன்று, ஆள் இரண்டு.
இருக்கை எனக்காக முன்னே வரும்,
அவனுக்காகப் பின்னே போகும்.
சாவி கைமாறுகிற ஒரு நிமிடம்தான் இல்லறம்:
பால் தீர்ந்துவிட்டது,
பில் வந்திருக்கிறது,
கம்பம் இன்றைக்கும் வேலை செய்யவில்லை.
(எஞ்சினுக்குக் கதகதப்பு தரும் மின்கம்பம்.
டிசம்பரிலேயே செத்துப்போனது.
குடியிருப்புச் சங்கம் கூடிக் கூடிப் பேசுகிறது.)

ரைமோ அளவுகோலை உருவித் துடைத்து
மறுபடி விட்டு எடுத்தான். தேன் நிறம்.
குளிர்நீர்த் தொட்டியில்
கோட்டிலிருந்து இம்மியும் இறங்கவில்லை.
புகைக்குழாயருகே குனிந்து மோந்தான்,
இனிப்பு வாடை இல்லை.
"ஒன்றும் போகவில்லை.
உள்ளே வியர்க்கிறது, அவ்வளவுதான்.
சூடு ஏறுமுன் அணைத்துவிடுகிறீர்கள்.
ஆவியாய்ப் போக வேண்டிய நீர்
வழி தெரியாமல் எண்ணெயில் கடைபடுகிறது.
ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், நிற்காமல்."
"எங்கே?"
"எனக்கென்ன தெரியும்?"

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதென்று
யார் சொன்னது?
நாலு நாலு கிலோமீட்டராய்
நாலு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

இருவருக்கும் ஓய்வு சேர்ந்த ஞாயிறு
பிப்ரவரியில் ஒன்றே ஒன்று வந்தது.
கழித்தல் இருபத்து நான்கு.
தொர்னியோவிலிருந்து வடக்கே,
உறைந்த ஆற்றை இடக்கையில் வைத்துக்கொண்டு.
எதிர்க்கரை ஸ்வீடன்.
அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால்.
எங்களுக்கு வாய்க்காத அந்த ஒரு மணி
ஆற்றுக்கு அப்பால்
பனி மூடிச் சும்மா கிடந்தது.

இருபது நிமிடம் யாரும் பேசவில்லை.
பேசப் பழக்கமும் இல்லை.
பால், பில், கம்பம் மூன்றும் முதல் வளைவிலேயே தீர்ந்துவிட்டன.
முள் மெல்ல எழுந்தது,
தூக்கக் கலக்கத்தில் எழுபவன் போல.

முள் நடுவில் நின்றபோது,
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"நவம்பரில் எனக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக்
கை வெந்துபோனது.
என் இடத்தில் அன்றைக்கு அவன் நின்றான்.
உன்னிடம் சொல்ல நினைத்தேன்.
நீ சாவியை நீட்டினாய்."

நவம்பர்.
அவனுடைய சட்டைகளை அந்த மாதம்
எத்தனை முறை துவைத்திருப்பேன்?
ஊர் முழுவதன் படுக்கை விரிப்புகளில்
எந்தக் கறை எதனாலென்று சொல்லிவிடுவேன் நான்.
ஹீட்டரை ஒரு படி குறைத்தேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
"பேர் என்ன அவனுக்கு?" என்றேன்.
சொன்னான். பிறகு நிறையச் சொன்னான்.

யூலிதொர்னியோவில் பெட்ரோல் பங்க் ஓரம்
எஞ்சினை அணைக்காமலே இடம் மாறினோம்.
திரும்பும்போது நான் ஓட்டினேன்.
இருக்கையை முன்னே இழுக்க மறந்து,
கால் எட்டாமல் எட்டிய பெடலோடு
அறுபது கிலோமீட்டர்.

வீட்டு வாசலில் மூடியைத் திறந்தோம்.
உள்ளிருந்து ஆவி ஒரு கீற்று
எங்கள் முகங்களுக்கு நடுவே எழுந்து போனது.
நுரை இல்லை.
விளிம்பில் மட்டும் நகக்கீறல் அளவு வெள்ளை.
மருத்துவமனை முத்திரை குத்திய பழந்துணியை எடுத்தேன்.

"அது இருக்கட்டும்," என்றான்.